தனிப்பட்ட உறவு: ஒரு சொல்லும் ஒரு பந்தியும்

1

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ‘பேர்க் கிறிஸ்தவன்’ என்றொரு வசவு உண்டு. வெளியாட்களுக்கு இதன் காரம் தெரியாது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கும்; கிறிஸ்துமசுக்குப் புதுச்சட்டை போடுவான்; கல்யாணமும் சாவும் கோயிலில் நடக்கும்; ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. இதுதான் அதன் பொருள். எதிர்ச்சொற்கள் ‘இரட்சிக்கப்பட்டவன்’, ‘மறுபடியும் பிறந்தவன்’, ‘ஆவிக்குரியவன்’. முதலாமவனிடம் இருப்பது வெறும் மதம். இரண்டாமவனுக்கு இருப்பதோ தேவனோடு ‘தனிப்பட்ட உறவு’. தமிழ்நாட்டின் நற்செய்திக் கூட்டங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் ஓயாமல் சொல்லப்படுவது இந்த இருமை எதிர்வுதான்.

என்னைப் பேர்க் கிறிஸ்தவன் என்று சொன்னவர் என் மதினி. கோபமாகச் சொல்லவில்லை. காபிப் பழம் எடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், ஒரு வருத்தத்தோடு சொன்னார்.

நாங்கள் தலித் கத்தோலிக்கக் குடும்பம். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரைப் பக்கமாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பாதையில், நடுமலையில் இருக்கிற அடுக்கத்தில் வசிக்கிறோம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதை அடைபட்டுப்போகும். அப்படியும் மதினி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அடிவாரத்து ஊர் ஒன்றிலிருக்கும் ஜெபவீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய மாமியார், அதாவது என் அம்மா, இறந்தபோது அடிவாரத்துப் பங்கொன்றின் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒதுக்கியிருந்த மூலையில் இடமில்லை என்றார்கள். தோட்டத்தின் மறுபாதி காலியாகக் கிடந்தது. அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. அந்த வாரத்தோடு மதினி பூசைக்குப் போவதை நிறுத்தினார்.

“கோயில்ல எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல எத்தன பேரு நின்னாங்க தம்பி! சாமியாரு, உபதேசியாரு, ஊர்ப் பெரியவங்க, தேருக்கு வரி கட்டுனவங்க. இங்க நான் நேராப் பேசுறேன். எம் பேரச் சொல்லி அவரு கூப்புடுறாரு.”

நம் தோழர்கள் இதை ‘அபின்’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் முடித்தேன். ஆனால் ஜெபவீட்டுக்குப் போன ஆறு மாதத்தில் அண்ணன் குடியை விட்டார். வாழ்நாள் முழுக்க ஊரான் முன்னால் நின்று பேசியறியாத மதினி, ஒலிவாங்கியைப் பிடித்து நாற்பது பேர் முன்னிலையில் ‘சாட்சி’ சொன்னார். இதைப் போலியுணர்வு என்று ஒதுக்குகிற கோட்பாடு எதையும் விளக்கவில்லை. அது தன் கண்ணை மூடிக்கொள்கிறது.

ஆகவே கேள்வியை மதினியின் பக்கத்திலிருந்தே கேட்டுப் பார்க்கிறேன். வெறும் மதம் வேறு, மெய்யான உறவு வேறு என்கிற பிரிவினை சரியானதுதானா? சரியென்றால் கோடு எங்கே விழுகிறது? சடங்குக்கும் இருதயத்துக்கும் நடுவிலா, அல்லது வேறெங்குமா?

2

இந்தக் கோட்டை முதலில் கிழித்தவர்கள் நற்செய்திக் கூட்டக்காரர்கள் அல்லர். விவிலியத்தின் தீர்க்கதரிசிகள். ஆடு மேய்த்தும் காட்டத்தி மரங்களைப் பண்டுவம் பார்த்தும் பிழைத்த ஆமோஸ், இஸ்ரவேலின் பண்டிகைகளையும் பலிகளையும் பாட்டுகளையும் கடவுள் வெறுப்பதாக அறிவித்தார். இன்றைய பிரசங்கங்களில் இந்த இடம் அடிக்கடி வரும். ஆனால் அவர் சொன்ன காரணம் பெரும்பாலும் வருவதில்லை. பாட்டில் உள்ளம் உருகவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு அல்ல. ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு ஏழையை விற்றவர்கள் அந்தப் பாட்டைப் பாடினார்கள் என்பதே. அளவையைக் குறைத்து, எடைக்கல்லைக் கூட்டி விற்றவர்களின் ஓய்வுநாள் என்பதால்தான் அந்த ஓய்வுநாள் வெறுமையானது. ஆமோசிடத்தில் ‘வெறுமை’ என்பது உளவியல் சொல் அல்ல. பொருளாதாரச் சொல்.

அது எப்போது உளவியல் சொல்லானது? ஐரோப்பாவில் அதற்கொரு தேதி உண்டு. ஜெர்மனியில் ஸ்பேனர் 1675இல் வெளியிட்ட ‘பியா தெசிதேரியா’ என்ற சிறுநூலையொட்டி எழுந்த பக்தி இயக்கம், அரசுச் சபையின் உலர்ந்த கோட்பாட்டுக்கு எதிராக இருதய மாற்றத்தை முன்வைத்தது. அதன் பெருமையங்களில் ஒன்றான ஹாலேயில் உருவான சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. ஒருவன் தனக்குத்தானே வாசித்து, தன் இருதயத்தை ஆராய்ந்து, தனியாகத் தேவனிடம் திரும்புவது என்கிற தன்னிலை தமிழில் இப்படி அச்சுப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தது.

அந்தத் தன்னிலைக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ராஜநாயக்கன் போதும். தஞ்சை மன்னரின் படையில் சேவகராக இருந்தவர், கத்தோலிக்கர், பறையர். தரங்கம்பாடியில் அச்சான புத்தகம் கைக்குக் கிடைத்து, வாசித்து, மனம் மாறி, பிறகு அந்த மிஷனின் உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தார். பக்தி இயக்கத்தின் அளவுகோல்படி பார்த்தால் இவரைவிட மெய்யான விசுவாசி யார்? 1733இல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் தமிழ் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். ராஜநாயக்கனின் பெயரும் பின்னர் பேச்சில் அடிபட்டது. ஆனால் பட்டம் தரப்படவில்லை. ஒரு பறையரின் கையிலிருந்து இராப்போஜன அப்பத்தை வாங்க வெள்ளாளர் இசைய மாட்டார்கள் என்பது காரணம்.

இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். அவருடைய இருதயத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. தேவனோடு அவருக்கிருந்த உறவு மெய்யானதென்று ஐரோப்பியக் குருமாரும் ஒத்துக்கொண்டார்கள். உள்ளே எல்லாம் சரி. கைதான் தடையாக இருந்தது. அப்பத்தைத் தொடும் கை. தனிப்பட்ட உறவு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது உள்ளேயே இருந்துவிடலாம், வெளியே அடுக்கு அப்படியே நிற்கலாம் என்கிற உடன்படிக்கை அந்த இடத்தில் எழுதப்பட்டுவிட்டது.

ஏறக்குறைய நூறாண்டு கழித்துத் தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இதே உடன்படிக்கையை வெளிப்படையாகவே வாதாடினார். கிறிஸ்துவின் மேல் அவர் பாடிய பாட்டுகள் இன்றும் வீடுவீடாக ஒலிக்கின்றன. அவருடைய பக்தியில் பொய் இல்லை. அதே சாஸ்திரியார், புதிதாக வந்த மிஷனரிகள் திருவிருந்தில் சாதிகளை ஒன்றாக உட்காரச் சொல்வதையும், பூ அலங்காரத்தையும் தமிழ் இசையையும் விலக்குவதையும் கொடுமைகளின் ஒரே பட்டியலில் வைத்தார். பூவையும் இசையையும் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு பண்பாட்டை வெறுமை என்று அந்நியர் தீர்ப்பெழுதுவதை அவர் எதிர்த்தார். ஆனால் அந்தப் பண்பாட்டு உரிமையின் மடிக்குள்ளேயே சாதியும் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. பக்தி உண்மையா போலியா என்ற கேள்வியால் சாஸ்திரியாரை அளக்க முடியாது. உண்மையான பக்தியும் சாதியும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதுதான் அவர் நமக்கு விட்டுப்போன சங்கடம்.

3

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். கொடைக்கானல் என்ற நகரமே மிஷனரிகள் போட்டது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்து, 1845இல் மலைமேல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக் குடியேறியது. ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்பன அவற்றின் பெயர்கள். பின்னாலேயே கத்தோலிக்கர் வந்தார்கள். பிரெஞ்சு யேசு சபைக் குரு சேன் சீர் 1850களில் மேலேறினார். 1860களில் சலேத் மாதா கோயில் எழுந்தது. 1895இல் செண்பகனூரில் யேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி வந்தது.

மலையில் பங்களா எழும்பிய இரண்டாவது ஆண்டில், 1847இல், மதுரை மிஷன் கீழே ஒரு முடிவெடுத்தது. சாதியாசாரத்தை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை. விட்டதற்கு அடையாளம் வாய்ச்சொல் அல்ல; எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மறுத்தவர்கள் விலக்கப்பட்டார்கள். அவர்களில் உபதேசியார்கள் பலர். ஞாயிறுதோறும் மனந்திரும்புதலைப் பற்றிப் பிரசங்கித்தவர்கள். 1850இல் சென்னையின் மிஷனரி மாநாடும் கிட்டத்தட்ட இதே சோதனையை எல்லா மிஷன்களுக்கும் பரிந்துரைத்தது.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இது அபூர்வமான தருணம். ‘உன் இருதயம் மாறியதா?’ என்ற கேள்விக்குப் பதிலாக ‘யாரோடு சாப்பிடுகிறாய்?’ என்ற கேள்வி வைக்கப்பட்டது. பேர்க் கிறிஸ்தவன் யார் என்று கண்டுபிடிக்க இலை போட்டுப் பார்த்தார்கள்.

ஆனால் அந்தச் சோதனையும் வெறுமையாகிப்போனது. ஏன்? ஒன்று, சோதனை வைத்தவர்கள் இலையில் உட்காரவில்லை, உட்கார்ந்தவர்களைக் கண்காணித்தார்கள். சம்பளம் கொடுப்பவர் முன்னால் சாப்பிடுவது வேறு, பக்கத்து வீட்டில் சாப்பிடுவது வேறு. வருடத்துக்கொரு நாள் துரைமார் பார்க்கச் சாப்பிட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் பழையபடி இருப்பதற்கு ஆட்கள் பழகிக்கொண்டார்கள். சமபந்தி ஒரு சடங்காயிற்று. இரண்டு, சோதனை வைத்தவர்களின் சொந்த வாழ்க்கை. மோட்டார் பாதை வருவதற்கு முன்பு, மலையடிவாரத்துக் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து கொடைக்கானலுக்கு ஆட்கள் ஏறிய வழியின் பெயரே ‘கூலி காட்’. மிஷனரிகளும் அவர்களுடைய குடும்பங்களும் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து வர, கூலிகள் தோளில் சுமந்து ஏறினார்கள். கீழே ஒரே பந்தி. மேலே ஏறும்போது ஒருவர் தோளில் ஒருவர். அந்தச் சுமையை வேதவிரோதம் என்று எந்தத் தீர்மானமும் சொல்லவில்லை. நல்ல சோதனையை வைத்தவர்களே அந்தச் சோதனையில் உட்காரவில்லை.

இங்கே அல்தூசரை நினைக்காமலிருக்க முடியவில்லை. கருத்தியல் தலைக்குள் இருப்பதல்ல, நடைமுறைகளில் பருண்மையாக இருக்கிறது என்று 1970இல் எழுதிய கட்டுரையில், முதலில் மண்டியிடு, உதட்டை அசை, நம்பிக்கை தானே வரும் என்பதாகப் பாஸ்கலின் கருத்தை அவர் எடுத்தாண்டார். அது உண்மையானால், தனித்தனிப் பெஞ்சில் உட்கார்ந்து பழகிய உடம்புக்கு வேறொரு நம்பிக்கையும் வந்து சேர்ந்திருக்கும். அந்த உடம்பு வாயால் எந்த விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னாலும் சரி. ஆக, சடங்கு ஒருபோதும் வெறுமையானதல்ல. அது எதையோ செய்துகொண்டேயிருக்கிறது. என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

வடக்கன்குளத்துக் கோயில் இதற்கு நின்று சாட்சி சொல்லும். 1872இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கத்தோலிக்கக் கோயில், ஒரு பீடத்தில் வந்து கூடும் இரண்டு நீண்ட கூடங்களாக, மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போல அமைந்தது. ஒரு காலில் வெள்ளாளர், மறுகாலில் நாடார். இரு பக்கமும் ஒரே பூசையைக் கண்டது. 1910இல் குருமார் உள்ளேயிருந்த தடுப்பை இடித்தார்கள். வெள்ளாளர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். இது பழைய கதை என்று சொல்வதற்கில்லை. 2008 மார்ச்சில் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் மீது வன்னியர் கத்தோலிக்கர்கள் தாக்குதல் நடத்தினார்கள். தொடர்ந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். பிரச்சினையின் வேர் கோயிலும், தெருவும், சவ ஊர்வலம் போகும் பாதையும். சடங்கு வெறுமையானது என்றால் அதற்காக யாராவது அடித்துக்கொள்வார்களா?

ஆவிக்குரிய நண்பர்கள் ‘தேர், சப்பரம் எல்லாம் வெறும் சம்பிரதாயம்’ என்று கடந்து போகும்போது இதைத்தான் தவறவிடுகிறார்கள். தேர் தன் தெருவுக்குள் வரவேண்டும் என்று கேட்கிற தலித் கத்தோலிக்கர் மரச்சிற்பத்தைக் கேட்கவில்லை. தானும் அந்தச் சாமியின் ஆள் என்ற ஒப்புதலைக் கேட்கிறார்.

4

அப்படியானால் இடையில் ஆளில்லாத நேரடி உறவு என்பது வெறும் ஏமாற்றா? இல்லை. எதிர்ச்சாட்சியும் நம் மண்ணிலேயே இருக்கிறது.

பாளையங்கோட்டையில் ரேனியசிடம் படித்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867), அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் தாக்கத்தால் மிஷன் சம்பளத்தை வேண்டாமென்று விட்டவர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் எல்லைப்பகுதியில் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உருவாக்கினார். அப்பம் பிட்கக் குருப்பட்டம் தேவையில்லை, எந்த விசுவாசியும் செய்யலாம் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. 1860இல் அங்கே ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. ஆட்கள் அழுதார்கள், விழுந்தார்கள், பாவங்களை உரக்க அறிக்கையிட்டார்கள், தரிசனம் கண்டார்கள். பெண்கள் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். மிஷனரிகளில் பலர் இதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள், அதில் வியப்பில்லை. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாக உலகம் கொண்டாடும் லாஸ் ஏஞ்சல்சின் அசுசா தெருக் கூட்டங்கள் 1906இல் நடந்தவை. அதற்கு 46 ஆண்டுகள் முன்பே ஒரு தமிழ்க் கிராமத்தில், வெள்ளைக்காரக் குரு யாருமில்லாமல் இது நடந்தது.

ராஜநாயக்கனுக்கும் கிறிஸ்தியான்பேட்டைக்கும் என்ன வேறுபாடு? முன்னதில் நேரடி உறவு ஒரு நெஞ்சுக்குள் அடைக்கப்பட்டது. பின்னதில் அது சம்பளத்தையும் குருபீடத்தையும் தொட்டது, பேசக்கூடாதவர்கள் பேசினார்கள். மதினி ஒலிவாங்கி பிடித்து நின்ற நாள் இந்த மரபைச் சேர்ந்தது. அதனால்தான் அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சாட்சி சொல்வதற்கும் ஒரு வார்ப்பு இருக்கிறது என்பதைச் சில மாதங்களில் கவனித்தேன். ‘முன்பு நான் பாவி, குடி, சண்டை, விக்கிரகம், பிறகு ஒரு நாள் கர்த்தர் தொட்டார், இப்போது சமாதானம்.’ எல்லாரும் இதே ஏணியில் ஏறி இறங்குகிறார்கள். மதினி சொன்ன முதல் சாட்சியில் கல்லறைத் தோட்டத்து மூலை இருந்தது. மூன்றாவது, நான்காவது முறை சொல்லும்போது அது காணாமல் போயிருந்தது. அதனிடத்தில் அவருடைய ‘கசப்பு’ என்ற பாவம் வந்திருந்தது. யாரும் அவரை அதட்டவில்லை. கதை அந்த வார்ப்பில் அப்படித்தான் அடங்கும்.

மதம் மாறியவரின் நிலை குறித்து எழுதும்போது அம்பேத்கர் சொன்னது இதைத்தான். உன் தாழ்வுக்குக் காரணம் உன்னைச் சூழ்ந்திருக்கும் சமூக அமைப்பு என்று சொல்லாமல், உன் பாவமே காரணம் என்று போதித்தால், அநீதியை எதிர்க்கும் சக்தியை அந்தப் போதனையே வடித்துவிடும் என்றார். இன்றைய ‘தனிப்பட்ட உறவு’ சொல்லாடலுக்கு இந்த ஒரு விமர்சனம் போதுமானது. அநீதி உள்ளே எடுத்துச் செல்லப்பட்டு, பாவமாக உருமாற்றப்பட்டு, மன்னிக்கப்படுகிறது. வெளியே இருந்தது வெளியேயே இருக்கிறது.

நிரூபணம் வேண்டுவோர் கிறிஸ்தவப் பத்திரிகைகளின் வரன் விளம்பரங்களைப் புரட்டலாம். மறுபடியும் பிறந்த, முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற, அபிஷேகம் பெற்ற மணமகன் தேவை. கூடவே சாதியின் பெயர், சிலபோது உட்பிரிவும். மறுபடியும் பிறந்தவர் மறுபடியும் அதே சாதியில் எப்படிப் பிறக்கிறார் என்று எந்தப் பிரசங்கியும் கேட்பதில்லை.

மதினியின் மகள் விஷயத்தில் இது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அதே ஜெபவீட்டுப் பையன், வேறு சாதி. இருவருக்கும் விருப்பம். பையனின் வீட்டார் ஒரு வாரம் ஜெபித்துவிட்டு, ‘கர்த்தருக்குச் சித்தமில்லை’ என்று சொல்லியனுப்பினார்கள். மதினி அன்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கோயில்ல செவுரு கண்ணுக்குத் தெரிஞ்சது தம்பி. இங்க செவுரு ஜெபத்துக்குள்ளயே இருக்கு. அத இடிக்க யாருட்டப் போய்ச் சொல்ல?”

5

டென்மார்க்கின் கீர்க்ககார்ட் 1854–55இல் தன் நாட்டு அரசுச் சபையை எதிர்த்து எழுதியபோது, எல்லாரும் பிறப்பால் கிறிஸ்தவராக இருக்கும் நாட்டில் யாருமே கிறிஸ்தவர் அல்லர் என்கிற பொருளில் வாதிட்டார். கூட்டத்திலிருந்து பிரிந்து தேவன் முன் நிற்கும் ‘தனியன்’ அவருடைய நாயகன். அவர் சொன்னது கோபன்ஹேகனுக்குப் பொருந்தும். அதே டேனிஷ் அரசு 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்ட தரங்கம்பாடிக்கு அப்படியே பொருந்தாது. இங்கே கூட்டத்தின் பெயர் சாதி. அது தனியனைத் தொந்தரவு செய்வதே இல்லை. ‘நீ தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் தேவனோடு பேசிக்கொள், பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் நம் ஆட்களோடு’ என்று பெருந்தன்மையாக விட்டுவிடும்.

எனக்கென்னவோ பிழை அந்தச் சொற்றொடரிலேயே இருப்பதாகப் படுகிறது. தமிழில் ‘உறவு’ தனிப்பட்டதாக இருக்க முடியுமா? நம் பேச்சில் உறவென்றால் உறவுமுறை; கொண்டான் கொடுத்தான்; பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்; சாவுக்குத் தோள் கொடுக்கிறவர். நான் ஒருவருக்கு உறவானால் அவருடைய ஆட்கள் எனக்கு உறவாகிறார்கள். அவர்களை வேண்டாமென்று சொல்லிவிட்டு அவரோடு மட்டும் உறவு வைப்பதற்குத் தமிழில் வேறு சொல் தேட வேண்டும். தேவனைத் தகப்பன் என்று கூப்பிட்டால் அவர் பெற்ற மற்றப் பிள்ளைகளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? சாதிக் கிறிஸ்தவம் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே ‘தனிப்பட்ட’ என்ற அடைமொழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுகொண்ட இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் பாமா. 1992இல் வெளிவந்த ‘கருக்கு’, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைப்பதற்காகத் துறவற மடத்துக்குள் போன ஒரு தலித் பெண், அங்கே வசதியையும் சாதியையும் கண்டு வெளியே வந்த கதை. அவர் விட்டு வந்தது கடவுளை என்று படிப்பது அவசரம். ஜெபமும் தியானமும் நிறைந்திருந்த ஒரு வீட்டில் ஏழைகள் மட்டும் இல்லாமலிருந்ததுதான் அங்கே அவர் கண்ட வெறுமை. மற்றவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு (1940–2005). நாட்டுப்புற இசையில் வழிபாட்டை மாற்றியமைத்தவர். அவருடைய இறையியலின் நடுவில் இருப்பது ‘ஒரு ஒலை’. எல்லாரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டு, ஒரே சோறாகப் பங்கிட்டு உண்பது. 1847இன் மிஷனரிப் பந்திக்கும் இதற்கும் வேறுபாடு வெளிப்படை. இங்கே மேற்பார்வை பார்க்கிறவர் யாருமில்லை. உலை வைக்கிறவரும் உண்கிறவர்தான்.

ஆகவே வெறும் மதம், மெய்யான உறவு என்ற பிரிவினையை நான் தள்ளவில்லை. கோட்டை மாற்றிப் போடச் சொல்கிறேன். சடங்கு இந்தப் பக்கம், இருதயம் அந்தப் பக்கம் என்றல்ல. சோற்றையும் சம்பந்தத்தையும் கல்லறையையும் தொடாத எதுவும் இந்தப் பக்கம்; அது இலத்தீன் பூசையானாலும் சரி, அந்நியபாஷையானாலும் சரி. அவற்றைத் தொடுகிற எதுவும் அந்தப் பக்கம். அது பழைய சப்பரத் திருவிழாவானாலும் சரி. இந்த அளவுகோல் எனக்கும் பொருந்தும். தோழர்களோடு சாதி ஒழிப்பு மாநாட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் வீட்டு அடுப்படி வரை போயிருக்கிறேன்? பேர்க் கிறிஸ்தவன் மாதிரி பேர்த் தோழனும் உண்டு.

மதினி கோயிலுக்குத் திரும்பவில்லை. ஜெபவீட்டையும் விடவில்லை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மாதம் ஒரு முறை விசுவாசிகள் எங்கள் வீட்டுக்கு ஜெபத்துக்கு வருவார்கள். பாடுவார்கள், அழுவார்கள், தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். சாப்பாடு என்றதும் சிலர் மட்டும், “இன்னைக்கு உபவாசம் சிஸ்டர்” என்று எழுந்துவிடுவார்கள். மூன்று வருடமாக மதினி இதை நம்பிக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு முறிந்த பிறகு ஒரு நாள் அவர்களிடம் கேட்டார்: “எங்க வீட்டுக்கு வர்ற அன்னைக்கு மட்டும் ஒங்களுக்கு உபவாசமா?”

இப்போது முறையை மாற்றிவிட்டார். முதலில் சோறு, பிறகுதான் ஜெபம். பானையை நடு வீட்டில் வைத்துவிட்டு, “சாப்புட்டுட்டுப் பேசுவோம், அவரு எங்கயும் போயிற மாட்டாரு” என்கிறார். பதினைந்து பேர் வந்த இடத்தில் போன மாதம் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் சாப்பிட்டார்கள். பேர்க் கிறிஸ்தவனாகிய நானும் அன்று அவர்களோடு உட்கார்ந்தேன்.